டூஷென் தசைச் சிதைவு: இரவில் அடிக்கடி விழிப்பு, காலையில் தலைவலி

கேள்வி:
என் மகனுக்கு வயது 16. டூஷென் தசைச் சிதைவு நோயால் ஐந்து ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறான். மூன்று மாதங்களாக இரவில் நான்கைந்து முறை என்னை எழுப்பித் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்கிறான். காலையில் தலைவலியோடு விழிக்கிறான், இட்லியைத் தொடுவதில்லை, படிக்கும்போதே கண் செருகிவிடுகிறது. மூச்சுத் திணறல் இல்லை என்கிறான்; விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் பகலில் 97 காட்டுகிறது. தூக்க மாத்திரை கேட்கலாமா?

மறுமொழி (சுவாச சிகிச்சையாளர்):
அம்மா, தூக்க மாத்திரை சுவாசத்தை மேலும் தளர்த்தக்கூடும் என்பதால், அந்த எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கனவு வரும் தூக்கத்தில் உடலின் மற்றத் தசைகள் ஓய்ந்து, மூச்சின் பாரம் முழுவதும் உதரவிதானத்தின் மேல் விழுகிறது. அதுவும் வலுவிழந்திருந்தால் மூச்சு மேலோட்டமாகி, கரியமில வாயு இரத்தத்தில் தேங்குகிறது. காலைத் தலைவலியும் பசியின்மையும் பகல் உறக்கமும் பெரும்பாலும் அதன் அடையாளங்களே. ஓடியாடாத பிள்ளைக்கு மூச்சு வாங்கும் சந்தர்ப்பமே வருவதில்லை; ஆகவே திணறல் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. கரியமில வாயுவையும் அளக்கும் இரவுத் தூக்கப் பரிசோதனையைக் கேளுங்கள். ஸ்பைரோமெட்ரியில், அதாவது குழாயில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையில், எஃப்விசி (ஆழ மூச்சிழுத்து முழுவதும் ஊதும் காற்றின் அளவு, இயல்பான அளவில் எத்தனை சதவீதம் என்பது) எவ்வளவு இருந்தது?

மறுமொழி:
அக்கா, என் தம்பிக்கும் இதே நோய்தான். திருப்பச் சொல்வதையெல்லாம் மூச்சுக் கோளாறென்று எண்ண வேண்டாம். அவனுக்குப் பாதிக் காரணம் இடுப்பு வலி, காற்று மெத்தை போட்டதும் அது குறைந்தது. மீதிப் பாதிக்குப் பைபேப், அதாவது முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுக்கு உதவும் கருவி, தேவைப்பட்டது. முதல் வாரம் முகமூடியைக் கழற்றச் சொல்லி அடம்பிடித்தவன், மாலையில் கிரிக்கெட் பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகிய பிறகே இரவில் ஏற்றுக்கொண்டான். மூக்குத் தண்டு புண்ணானால் வேறு வடிவ முகமூடி கேளுங்கள். மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரை முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சென்ற ஆண்டே எஃப்விசி 43 சதவீதம். யாரும் அதன் பொருளைச் சொல்லவில்லை. உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டர் தருகிறேன் என்கிறார், அதுவரை அதை வைக்கலாமா?

மறுமொழி (சுவாச சிகிச்சையாளர்):
மருத்துவர் சொல்லாமல் வைக்க வேண்டாம். ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் ஆக்சிமீட்டரில் எண் அழகாக ஏறும். உள்ளே கரியமில வாயுவும் சேர்ந்து ஏறும். எஃப்விசி 50 சதவீதத்துக்குக் கீழே போனாலே இரவு நேர சுவாசக் கருவியைத் தொடங்க வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டுச் சிகிச்சை வழிகாட்டுதல். எனவே இந்த வாரமே நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். குழப்பமோ, எழுப்பினாலும் தெளியாத மயக்கமோ தெரிந்தால் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.