மறு: 'ரோடு ரேஜ்' – தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம். சாலையில் போகும்போது சின்ன விஷயத்துக்கும் பொங்கி வரும் கண்மண் தெரியாத கோபத்தை ஆங்கிலத்தில் 'ரோடு ரேஜ்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் என்ன என்ற பேச்சில் கோவை ஐயா இப்படி எழுதியிருந்தார்:

> சாலைவெறி என்றே வைத்துவிடலாம். சாதிவெறி, மதவெறி எல்லாம் பழகிய சொற்கள்தானே.

அதைப் படித்ததும் எனக்கும் சரி என்றுதான் பட்டது. ரேஜ் என்ற சொல்லின் வேரே அங்கேதான் இருக்கிறது. லத்தீனில் 'ரேபிஸ்' என்றால் வெறி. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ரேஜ் ஆனது. பிரெஞ்சில் இன்றைக்கும் வெறிநாய்க்கடி நோய்க்கு அதே சொல்தான். நாய்க்குப் பிடிப்பதையும் மனிதனுக்குப் பிடிப்பதையும் நாமும் வெறி என்கிறோம், அவர்களும் அப்படியே.

ஆனால் சாதிவெறி சாதியின் மேல் உள்ள வெறி. பணவெறி பணத்தின் மேல். அப்படிப் பார்த்தால் சாலைவெறி என்பது சாலை மேல் பித்துக் கொண்டவனைத்தான் சொல்லும். இன்னொரு சிக்கலும் உண்டு. நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம் என்றாலும் வீட்டிலும் கடையிலும் தமிழ் புழங்கும் ஊர். ஓட்டுநர்களுக்கான துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கும்போதுதான் இந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டேன். இங்கே மலையாளமும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அதில் வெறி என்றால் போதை என்றும் பொருள். சாலைவெறி என்று அச்சடித்தால், குடித்துவிட்டு ஓட்டுவதைச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

சேலம் அம்மா சொன்ன 'சாலை மூர்க்கம்' நல்ல அழுத்தமான சொல். ஆனால் மலையாளத்தில் மூர்க்கன் என்றால் நல்லபாம்பு. 'ஆவேசம்' என்றால் உற்சாகம். இரண்டும் எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லும், இந்தப் பக்கம் செல்லாது.

பழந்தமிழில் கோபத்தைக் குறிக்கும் வெகுளியைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். எனக்கும் அந்தச் சொல் மேல் ஆசைதான். திருக்குறளில் 'வெகுளாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆனால் இன்றைக்கு வெகுளி என்றால் சூதுவாது தெரியாதவர். அது மட்டுமில்லை. தொல்காப்பியர் வெகுளி பிறக்கும் இடம் நான்கு என்கிறார்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. கையைக் காலை வெட்டுவது, குடியைக் கெடுப்பது, அடித்து வருத்துவது, கொல்வது. நான்கும் பெரிய தீங்குகள். நாம் பெயர் தேடுவது ஒரு ஹாரன் சத்தத்துக்கு வருகிற கோபத்துக்கு.

போன மாதம் வேலந்தாவளம் சாலையில் நானே பார்த்தேன். பைக்கில் வந்த பையன் காருக்குப் பின்னால் இரண்டு முறை ஹாரன் அடித்தான். காரிலிருந்தவர் குறுக்கே நிறுத்தி, இறங்கி வந்து, பைக் சாவியைப் பிடுங்கி வயலுக்குள் எறிந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. எறிந்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது. கார்க் கதவைத் திறக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கி அந்தப் பையனோடு சேர்ந்து சாவியைத் தேடினார். நான் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "கண்ணு மண்ணு தெரியலைங்க. மணி ஆயிப்போச்சு, ரயிலுக்குப் போகணும்" என்றார்.

அந்தப் பதிலில்தான் சொல் கிடைத்தது. ஆத்திரம்.

'ஆத்திர அவசரத்துக்கு' என்கிறோம். அங்கே ஆத்திரம் என்பது பதற்றமான அவசரம். 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்னும்போது கோபமும் அவசரமும் சேர்ந்தே வருகின்றன. ரேஜ் வெறும் கோபத்தைச் சொல்லும், ஆத்திரம் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடும். ரோடு ரேஜ் என்ற பெயர் 1980களின் இறுதியில் அமெரிக்காவில் செய்திக்காரர்கள் வாயிலிருந்து வந்தது. அவர்கள் சொல்லில் அவசரம் இல்லை. நம் சொல்லில் இருக்கிறது. தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள வாளையாறு சோதனைச் சாவடியில் 2017இல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். புணர்த்தி எழுதினால் 'சாலையாத்திரம்' ஆகிவிடும். காதில் யாத்திரை என்று விழும். 'வண்டி', 'வழி', 'வீதி' எதைச் சேர்த்தாலும் இதே யகரம் வந்து நிற்கிறது. அதனால் 'சாலை ஆத்திரம்' என்று பிரித்தே எழுதலாம் என்று நினைக்கிறேன். பிரித்து எழுதக் கூடாது என்று இலக்கணம் தெரிந்தவர்கள் கருதினால் 'ஓட்டுநர் ஆத்திரம்' இருக்கிறது. ஆனால் நடந்துபோகிறவரும் பின்சீட்டில் இருப்பவரும் அதில் அடங்க மாட்டார்கள்.

மருத்துவக் கட்டுரைகளில் ரேஜ் தனியாக வரும் இடத்துக்கு 'சினவெறி' போதும். அங்கே வெறிக்கு முன்னால் சினம் நிற்பதால் போதையோ பித்தோ என்ற குழப்பம் வராது.

அறிக்கையில் இப்போதைக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "பின்னால் ஹாரன் அடித்தால் வழி விடுங்கள். சாலை ஆத்திரம் உயிரை வாங்கும்." வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குள் யகரம் வராத ஒரு முன்சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து