கோத்தகிரியில் ஒட்டிய பஞ்சர், மேட்டுப்பாளையம் வந்ததும் காற்றழுத்தம் 2 பிஎஸ்ஐ குறைவு. நம்பலாமா?

அரவேணு_மழை: ஞாயிறன்று அரவேணு அருகே ஸ்கூட்டரின் பின் டயரில் ஆணி ஏறிவிட்டது. டியூப்லெஸ். ஒரு கடையில் ஆணியைப் பிடுங்கி, டயரைக் கழற்றாமலே ஓட்டையில் ஸ்ட்ரிப் (ஒட்டும் ரப்பர் இழை) திணித்து 36 பிஎஸ்ஐ வைத்தார்கள். முன் டயருக்கு 22. காற்றை அளக்கும் என் கேஜிலும் சரிபார்த்தேன். மாலையில் மனைவியோடு மேட்டுப்பாளையம் இறங்கினேன். மறுநாள் விடியற்காலை அதே கேஜில் பின் டயர் 34. சனிக்கிழமை மறுபடி மேலே ஏற வேண்டும். இந்த ஒட்டை நம்பலாமா?

இறக்கம்: நம்பாதீர்கள் சகோ. கியர் பைக் என்றால் இரண்டாவது கியரில் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் அந்தப் பிடி குறைவு, மலை முழுக்க பிரேக்கில்தான் இறங்குகிறோம். போன ஐப்பசியில் இதே பாதையில் குஞ்சப்பனைக்கு மேலே என் ஸ்ட்ரிப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. போட்டு இரண்டே மாதம். வளைவில் வண்டியின் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிந்தது. முன்னால் நின்றிருந்த என் மகள் அன்றைக்கு அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

குன்னூர்_பட்டறை: 18 வருடமாகப் பஞ்சர் ஒட்டுகிறேன். அரவேணு சார், முதலில் முன் டயரைப் பாருங்கள். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். கீழே இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடும். கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். இந்த இறக்கத்துக்கே ஏறக்குறைய 2 குறையும். முன் டயரும் 20 காட்டினால் ஒட்டு கசியவில்லை. சோப்புத் தண்ணீரும் விட்டுப் பாருங்கள்.

இறக்கம் சகோ, உங்கள் ஓட்டை நடுவிலா, ஓரத்திலா?

இறக்கம்: ஓரத்தில்.

குன்னூர்_பட்டறை: ஓரம் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். அங்கே ஸ்ட்ரிப் போட்டதே தப்பு.

இறக்கம்: சரி, காற்றழுத்தக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்ட்ரிப் போடுகிறவர் டயரின் உள்பக்கத்தைப் பார்ப்பதே இல்லையே? கழற்றி, உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ரப்பர் ஒட்டு) வைத்தால்தான் அது ஒட்டு.

குன்னூர்_பட்டறை: பல ஸ்கூட்டர்களில் சைலன்சரைக் கழற்றினால்தான் பின் சக்கரம் வெளியே வரும். மழையில் நிற்கிறவர் அதற்குச் சம்மதிப்பாரா? நடுவில் ஏறிய சின்ன ஆணிக்கு ஸ்ட்ரிப் போதும். டயர் தேய்கிறவரை அப்படியே ஓடிய வண்டிகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அரவேணு_மழை: முன் டயரும் 20தான்! குமிழி வரவில்லை, ஓட்டை நடுவில்தான். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மழை என்பதால் கடைவரை ஒரு கிலோமீட்டர் காற்றில்லாமலே இரண்டு பேரும் உட்கார்ந்து போனோம்.

குன்னூர்_பட்டறை: அடடா, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் சார். அப்படியென்றால் கழற்றியே ஆக வேண்டும். காற்றில்லாத டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் மடிந்து அரைபடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே கறுப்புத் தூள் இருந்தால் அந்த டயர் அவ்வளவுதான்.

இறக்கம்: அதுவரை மேலே பஸ்ஸில் போங்கள்.

அரவேணு_மழை: இன்று கழற்றினோம். ஸ்ட்ரிப் குறட்டால் இழுத்தும் அசையவில்லை. ஆனால் டயரைக் கவிழ்த்ததும் மிளகுத்தூள் மாதிரி ரப்பர் கொட்டியது. உள்சுவர் சுற்றிலும் விரல் அகலத்துக்குச் சொரசொரவென்று ஒரு வளையம். புது டயர் போட்டாயிற்று.

இறக்கம்: நல்ல காரியம். கழற்றாமல் ஒட்டியதை நம்பக் கூடாது என்று இதற்குத்தான் சொன்னேன்.

குன்னூர்_பட்டறை: ஸ்ட்ரிப் தாங்கியிருக்கிறது சகோ. டயர் கெட்டது காற்றில்லாமல் ஓட்டியதால். எவ்வளவு தூரம் அப்படி வந்தீர்கள் என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே கழற்றியிருப்பார்.