உதவி: குளத்துத் தண்ணீர் ஜாடி ஆறே நாளில் நாறுகிறது

பாசிமணி:
போன ஞாயிறு ஊர்க் குளத்திலிருந்து சேறு, தண்ணீர், பாசி எல்லாம் எடுத்து வந்து ஜாடியில் போட்டு இறுக்கி மூடினேன். இரண்டு நாள் அருமையாக இருந்தது, குட்டி உயிர்கள் வெட்டி வெட்டி நீந்தின. இப்போது தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிட்டது. மூடியைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். நான்கு நத்தைகளும் மேலே ஏறி மூடிக்கடியில் ஒட்டியிருக்கின்றன. மகள் பள்ளி விட்டு வந்ததும் முதலில் பார்ப்பது இதைத்தான். அவசரம், வழி சொல்லுங்கள்.

அல்லிக்கொடி:
எத்தனை லிட்டர் ஜாடி? சேறு எவ்வளவு உயரம்? வெயில் படுகிற இடமா?

வாளித்தண்ணீர்:
குழாய்த் தண்ணீர் கலந்தீர்களா? குளோரின்தான். எனக்கும் அப்படித்தான் எல்லாம் செத்தது. ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றணும்.

ஏரிக்கரை:
குளோரினுக்கு முட்டை நாற்றம் வராது. பழைய இழைகளைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு, காற்றுப் புகாத சேற்றில் பாக்டீரியா உண்டாக்குவது. நத்தை மேலே ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். அடிப்படை தெரியாமல் ஜாடி வைக்கக் கூடாது.

பாசிமணி:
ஐந்து லிட்டர் ஊறுகாய் ஜாடி. பாதி சேறு. சத்துக்காக ஒரு கைப்பிடி சருகும் போட்டேன். பால்கனியில் மதியம் முழுக்க வெயில். குழாய்த் தண்ணீர் கலக்கவில்லை.

அல்லிக்கொடி:
பாதி சேறும் சருகும்தான் காரணம். சருகு அழுக அழுக பாக்டீரியா பெருகும், அந்த வெள்ளைக் கலங்கல் அதுதான். ராத்திரியில் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் கரைவதே குறையும். நத்தையையும் பாசியையும் தனியே எடுத்து வைத்துவிட்டுச் சருகைக் கொட்டுங்கள். சேறு இரண்டு விரற்கடை போதும். புதுக் குளத்து நீர் ஊற்றி, பாசியைக் கூட்டி, காலை வெயில் மட்டும் படுகிற ஜன்னலோரம் வையுங்கள். மூடிக்குப் பதில் மெல்லிய துணி கட்டுங்கள்.

வாளித்தண்ணீர்:
துணி விலகினால் கொசு முட்டையிடும். ஒரு கப்பி மீன் விடலாமே?

ஏரிக்கரை:
ஐந்து லிட்டரில் மீனா? குட்டி உயிர்களை எல்லாம் தின்று தீர்த்துவிடும். துணியை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினால் கொசு எப்படிப் போகும்?

திண்ணை:
வெட்டி வெட்டி நீந்தியது சைக்ளாப்ஸ் (இறால் இனத்துப் பொடி உயிர்) என்றால் குழந்தையைக் கிட்டே விடாதீர்கள். நரம்புச்சிலந்தி நோய், தோலுக்கடியில் நீளப் புழு வளருமே, அது இதில்தான் வரும்.

அல்லிக்கொடி:
அந்தப் புழு உள்ளே இருக்கிற சைக்ளாப்ஸைத் தண்ணீரோடு குடித்தால்தான் வரும். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல், 2000இல் நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்துவிட்டது. கை கழுவினால் போதும், பயப்படாமல் பார்க்கட்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால், பெண் சைக்ளாப்ஸின் வாலுக்கு இரு பக்கமும் முட்டைப் பை தொங்கும், பேரனுக்கு ஜோல்னாப் பை இரண்டு மாட்டிவிட்ட மாதிரி.

திண்ணை:
இருந்தாலும் குளத்துத் தண்ணீர் குளத்துத் தண்ணீர்தான்.

பாசிமணி (நான்கு நாள் கழித்து):
சேற்றைக் குறைத்து ஜன்னலோரம் மாற்றினேன். நாற்றம் போய்விட்டது. மூன்று நத்தைகள் கீழே இறங்கிவிட்டன. நன்றி.

அல்லிக்கொடி:
நான்காவது? ஓடு மிதந்தால் உடனே எடுத்துவிடுங்கள், அழுகினால் மறுபடி கலங்கும்.