மறுமொழி: தூண்டில் எறிதலா, தூண்டில் வீச்சா? நடுவர் தாளுக்கான சொற்கள்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை ஒன்றாக உட்கார்ந்து படித்தேன். மீன் பிடிக்காமல், தூண்டில் கோலால் ஒரு சிறு எடையை இலக்குக்கோ தூரத்துக்கோ செலுத்தும் விளையாட்டுக்கு (ஆங்கிலத்தில் காஸ்டிங்) தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதில் மூன்று கருத்துகள் முன்னுக்கு நிற்கின்றன: தூண்டில் எறிதல், தூண்டில் வீச்சு, காஸ்டிங் என்றே விட்டுவிடுவது. கோலாலம்பூர் செந்தூலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைப் பழக்கும் நண்பர்கள், தமிழில் விதிமுறையும் நடுவர் புள்ளி குறிக்கும் தாளும் வேண்டும் என்று கேட்டதில்தான் இந்தப் பேச்சு தொடங்கியது. அதனால் ஒரு சொல் காதுக்கு இனிமையா என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். வெயிலில் தாளும் பென்சிலுமாக நிற்கும் நடுவருக்கு அந்தச் சொல் உதவ வேண்டும். அதுதான் முதல் கேள்வி.

பட்டர்வொர்த்தில் இருக்கும் ஐயா எழுதியது:

> நம் ஆட்கள் எல்லாருமே காஸ்டிங் என்றுதான் சொல்கிறார்கள். புரிகிற சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் எதற்கு?

ஐயா, நீங்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அவர்கள் சொல்லும் காஸ்டிங் வேறு. கோலாலம்பூரில் ஒருவர் "சனிக்கிழமை காஸ்டிங் போறேன்" என்றால், செயற்கை இரை கட்டி தோமான், கொடுவா போன்ற மீன்களைப் பிடிக்கப் போகிறார் என்று அர்த்தம். அங்கே மீன் உண்டு, முள் உண்டு, தண்ணீர் உண்டு. நாம் பேசும் விளையாட்டில் மீனே கிடையாது. புல்தரையில் நடக்கிறது. தூண்டில் முள்ளுக்குப் பதிலாக பிளாஸ்டிக்கில் செய்த சிறு எடை கட்டுகிறார்கள். பூச்சி போலச் செய்த இரையை வீசும் பூச்சித் தூண்டில் பிரிவில்கூட முள்ளின் வளைவை வெட்டிவிட்டுத்தான் கட்டுகிறார்கள். இதற்கென்று 1955இலேயே அனைத்துலகச் சம்மேளனம் அமைந்துவிட்டது. 1981இல் அமெரிக்காவின் சாந்தா கிளாராவில் நடந்த முதல் உலக விளையாட்டுகளில் இதுவும் ஒரு போட்டி. மீன்பிடியிலிருந்து பிரிந்து தனியாக நிற்கும் ஒரு விளையாட்டுக்கு மீன்பிடிக்காரர்களின் சொல்லையே வைத்தால், அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஐஸ் பெட்டியோடு வந்து நிற்பார்கள்.

சரி, எறிதல். பாயான் லெப்பாஸில் இருக்கும் அக்கா எழுதியது:

> ஈட்டி எறிதல், வட்டு எறிதல், குண்டு எறிதல் என்று பள்ளியில் பழகிய வரிசை இருக்கிறது. தூண்டில் எறிதல் அதோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

அக்கா, ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் என் பயம். ஈட்டியை எறிந்தால் அது கையை விட்டுப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு எறிந்தவர் செய்ய ஒன்றுமில்லை. தூண்டிலில் அப்படி இல்லை. கோல் கையிலேயே இருக்கிறது, நரம்பு (தூண்டில் இழை) எடையோடு இணைந்தே பறக்கிறது. நன்றாகப் பழகிய ஒருவரின் சுட்டுவிரலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். எடை காற்றில் போய்க்கொண்டிருக்கும்போதே அந்த விரல், நரம்பு சுற்றியிருக்கும் சுருளின் விளிம்புக்கு வந்து, அவிழ்ந்து ஓடும் நரம்பை லேசாகத் தடவும். இலக்குக்கு மேலே எடை வந்ததும் விரல் அழுத்தும், எடை வேகம் இழந்து நேர்கீழாக விழும். கைக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு, எடை தரையைத் தொடும்வரை அறுவதில்லை. துல்லியப் போட்டியில் பாதித் திறமை அந்த விரலில்தான் இருக்கிறது.

வீசுதல் இதற்குப் பொருந்துகிறது. வாள் வீசுகிறோம், சாமரம் வீசுகிறோம், கை வீசி நடக்கிறோம். எதுவும் கையை விட்டுப் போவதில்லை. வலை வீசுகிறவர் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டுதான் வீசுகிறார். கல்வீச்சு, பந்துவீச்சு என்றும் இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். உண்மைதான், வீச்சு இரண்டுக்கும் இடம் கொடுக்கும். எறிதல் என்றால் இன்று கையை விட்டுப் போவதாகத்தான் பெரும்பாலும் கொள்கிறோம், அது நம் பொருள் அல்ல. அதோடு வீச்சு என்றால் எட்டும் தூரம் என்ற பொருளும் ஏற்கெனவே இருக்கிறது, தொலைவுப் போட்டிக்கு அது வாகாக அமைகிறது. ஆகவே விளையாட்டின் பெயர் தூண்டில் வீச்சு என்று இருக்கட்டும். வீசுகிறவர் வீச்சாளர். பினாங்கின் பத்து மாவுங் என்ற ஊரில் கரையோரம் நிற்பவர்கள் 'தூண்டில் போடுறது' என்றே சொல்லட்டும். இரை போட்டுக் காத்திருக்கும் வேலைக்கு அதுதான் சரியான சொல்.

ஜார்ஜ் டவுன் தம்பி நரம்புக்குப் பதிலாக நாண் என்று முன்மொழிந்திருந்தார். பெரும்பாணாற்றுப்படையில் பாண்மகன் நெடுங்கழைத் தூண்டிலில் நாண் கட்டி மீன் பிடிக்கும் காட்சியைக் காட்டியிருந்தார். அந்த மடலை நான் இரண்டு முறை படித்தேன். மூங்கில் கோலும், வளைந்த இரும்பு முள்ளும், இரையைக் கவ்விய வாளையுமாக அத்தனையும் அதில் இருக்கிறது. ஆனாலும் தம்பி, தாளில் நரம்பு என்றே எழுதுவோம். நாண் என்றதும் இன்றைய பிள்ளைக்கு வில் நினைவுக்கு வரும், வில்வித்தையும் அதே திடலில் நடக்கிறது. கடையில் போய் 0.18 மில்லிமீட்டர் நரம்பு என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். தங்கூசி என்றாலும் கொடுக்கிறார்கள், மலாய்க்காரக் கடையிலும் தங்சி என்றுதான் பெயர். இப்படி வாயில் வாழ்கிற சொல்லை எடுத்துவிட்டுப் பழையதை நடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி, இழையில் யாரும் அதிகம் தொடாத பகுதிக்கு வருகிறேன். வீச்சு என்று ஒரு சொல்லை வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. நடுவர் ஒவ்வொரு வீச்சிலும் மூன்று நான்கு தனித்தனி முடிவு எடுக்கிறார், ஒவ்வொன்றுக்கும் சொல் வேண்டும்.

துல்லியப் போட்டியில் இலக்காக வைக்கும் ஆரென்பெர்க் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் விரித்த பச்சைத் துணி, அதில் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து வட்டங்கள். நடுவில் 75 சென்டிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு வட்டம், அதற்கு 10 புள்ளி. வெளியே போகப் போக 1.35, 1.95, 2.55, 3.15 மீட்டர் விட்டம், புள்ளி 8, 6, 4, 2. வீச்சாளர் 7.5 கிராம் எடையோடு ஐந்து நிலைகளில் நின்று, நிலைக்கு இரண்டாகப் பத்து வீச்சு வீசுகிறார். நிலைகளின் தூரம் வரிசையாக 10, 12, 18, 14, 16 மீட்டர். முழுப்புள்ளி 100.

ஒவ்வொரு நிலைக்கும் வீசும் முறை விதிக்கப்பட்டிருக்கிறது. முதல் நிலையில் கோல்நுனியைத் தாழ்த்தி எடையை ஊசல்போல் ஆட்டி அடியிலிருந்து வீச வேண்டும். இரண்டாவதில் வலப்பக்கம், மூன்றாவதில் தலைக்கு மேல், நான்காவதில் இடப்பக்கம், ஐந்தாவதில் அவரவர் விருப்பம். ஒரு மடலில் வலக்கை வீச்சு, இடக்கை வீச்சு என்று எழுதியிருந்தார்கள். இதை உடனே மாற்ற வேண்டும். கை மாறுவதில்லை. வலக்கைக்காரர் நான்காம் நிலையிலும் வலக்கையால்தான் வீசுகிறார், கோல் மட்டும் உடம்புக்குக் குறுக்கே இடப்பக்கம் போய் அங்கிருந்து வருகிறது. நடுவர் பார்ப்பது கோல் வரும் பக்கத்தை. எனவே வலப்பக்க வீச்சு, இடப்பக்க வீச்சு. மற்றவை தலைமேல் வீச்சு, விருப்ப வீச்சு.

முதல் நிலைக்கு ஊசல் வீச்சு என்று வந்த முன்மொழிவை நான் ஏற்கவில்லை. பிரிட்டனில் கடற்கரை வீச்சுக்காரர்கள் 150 கிராம் ஈயத்தை நீண்ட நரம்பில் ஆட்டிவிட்டு, உடம்பையே சுழற்றி மிக நெடுந்தூரம் வீசுவார்கள். அவர்கள் முறைக்கும் ஊசல் என்றுதான் பெயர். பினாங்கில் கடற்கரைத் தூண்டில்காரர்கள் பலர் அதைக் காணொளியில் பார்த்துப் பழகுகிறார்கள். ஒரே பெயரில் இரண்டும் இருந்தால் யாராவது ஒருவர் பத்து மீட்டர் இலக்குக்கு அந்தச் சுழற்றலைச் செய்து பார்ப்பார், பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு அது ஆபத்து. இங்கே அடிவீச்சு என்று வைப்போம். ஊசல் வீச்சைக் கடற்கரைக்காரர்களுக்கு விட்டுவிடுவோம்.

அடுத்தது எடை எங்கே விழுந்தது என்பது. எடை துணியில் பட்டுத் துள்ளி வேறிடத்தில் போய் நிற்கும். கணக்கு முதலில் பட்ட இடத்துக்குத்தான். துணியில் பட்டால் 'டப்' என்று ஓர் அடைத்த சத்தம் வரும், புல்லில் விழுந்தால் அந்தச் சத்தம் இல்லை. விளிம்போரத்தில் விழும்போது கண்ணோடு காதையும் தீட்டி வைத்திருக்கிற நடுவரே சரியாகச் சொல்வார். இந்த முதல் தொடுகைக்குப் படுபுள்ளி என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். புள்ளி என்ற சொல் மதிப்பெண் கட்டத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. "படுபுள்ளி எட்டுப் புள்ளி" என்று நடுவர் கூவினால் குறிப்பெடுப்பவர் தடுமாறுவார். படுமிடம் என்போம். துள்ளி உருண்டு நின்ற இடம் நிற்குமிடம், அது கணக்கில் வராது.

புள்ளி வழங்குவதிலும் இரண்டு மரபு இருக்கிறது, இரண்டையும் ஒரே சொல்லால் எழுதியது எனக்கு உறுத்துகிறது. அனைத்துலக விதியின்படி அடித்தால் புள்ளி. 76 சென்டிமீட்டர் வட்டத் தட்டுகளைக் குறிவைக்கும் பிரிவில் 20 வீச்சு, பட்டால் 5, படாவிட்டால் ஒன்றுமில்லை. நூலிழையில் தவறியவருக்கும் நாலடி தள்ளிப் போட்டவருக்கும் ஒரே சுழியம். அமெரிக்காவில் இந்த விளையாட்டை நடத்தும் சங்கத்தின் விதி வேறு மாதிரி. அங்கே 100 புள்ளியோடு தொடங்கி, இலக்கை விட்டு விலகிய ஒவ்வோர் அடிக்கும் ஒரு புள்ளி கழிக்கிறார்கள். அடியின் ஒரு பகுதியும் முழு அடியாகத்தான் எண்ணப்படும், இரண்டரை அடி விலகினால் மூன்று போகும். முன்னது பெறுபுள்ளி, பின்னது கழிபுள்ளி. தண்டப்புள்ளி என்று சொல்லாதீர்கள். தண்டம் குற்றத்துக்குரியது, இலக்கைத் தவறவிட்டது குற்றமாகாது. பத்து வயதுப் பிள்ளையின் தாளில் அந்தச் சொல் இருக்கவே கூடாது.

பழக்குவதற்கு எந்த மரபு நல்லது என்று கேட்டால், கழிபுள்ளி என்பேன். நேற்று ஐந்தடி விலகிய பிள்ளை இன்று இரண்டடிக்கு வந்திருப்பதைத் தாளிலேயே காட்டலாம். போட்டிக்குப் போகிறவர்கள் மட்டும் பெறுபுள்ளிக்குப் பழகட்டும்.

உண்மையான குற்றம் ஒன்று இருக்கிறது: தொடக்கக் கோட்டை மிதிப்பது. அதற்குக் கோட்டுமிதி. மிதித்தால் அந்த வீச்சு செல்லாது. செல்லும் வீச்சு, செல்லா வீச்சு என்பதில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. செல்லாக்காசு, செல்லாத ஓட்டு என்று நம் வாயில் புழங்குவதுதானே. தொலைவுப் போட்டியில் மூன்று வாய்ப்பு. அங்கே 'மூன்று வீச்சு' என்று எழுதாமல் வாய்ப்பு என்றே எழுத வேண்டும், கோட்டுமிதியில் வாய்ப்பும் போகிறது, வீச்சும் செல்லாமல் போகிறது என்று தெளிவாக இருக்கும். ஒருகை தொலைவுப் பிரிவில் மீட்டரை ஒன்றரையால் பெருக்குவார்கள், 60 மீட்டருக்கு 90 புள்ளி. 18 கிராம் எடையை இருகையால் வீசும் பிரிவில் மீட்டரே புள்ளி. தாளில் மீட்டருக்கு ஒரு கட்டம், புள்ளிக்கு ஒரு கட்டம் தனித்தனியாக இருக்கட்டும்.

கடைசியாக அந்தச் சிறு எடைக்கு என்ன பெயர். ஈயக்குண்டு என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள், பினாங்கு நண்பர்கள் மலாய்ப் பெயரில் பத்து லாடுங் என்றே எழுதுகிறார்கள். இரண்டும் தண்ணீரில் அமிழ்வதற்கான ஈயம். இது துளி வடிவ பிளாஸ்டிக், அளவும் எடையும் விதியில் வரையறுத்தவை. குண்டு என்றால் குண்டு எறிதலோடு குழம்பும். ஏவுகணை, எறிகுண்டு போல வினைத்தொகையாக வீசெடை என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். பூச்சித் தூண்டில் பிரிவுகளில் இந்தச் சொல் வராது, அங்கே தடித்த நரம்பின் கனமே பூச்சியைக் கொண்டு போகிறது.

பிரிவுகளின் பெயராக இவற்றை முன்வைக்கிறேன்: ஆரென்பெர்க் துணிக்கு வளைய வீச்சு, தட்டுகளுக்குக் குறி வீச்சு, தூரத்துக்குத் தொலை வீச்சு, மற்றது பூச்சி வீச்சு.

வீசெடை சொல்லும்போது நாவில் வழுக்குகிறது என்று நினைப்பவர்கள் வேறு சொல் தாருங்கள், எனக்கும் அதில் முழு நிறைவு இல்லை. துளியெடை என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், அதுவும் மோசமில்லை. அடிவீச்சு பற்றி பினாங்கு நண்பர்கள் கட்டாயம் எழுத வேண்டும். செந்தூல் நண்பர்கள் இந்தச் சொற்களைத் தாளில் அடித்து, அடுத்த பழக்கத்தில் ஒரு நடுவரை உரக்கக் கூவிப் பார்க்கச் சொன்னால் எது நிற்கும் எது நிற்காது என்று தெரிந்துவிடும். அப்புறம் அச்சுக்குக் கொடுக்கலாம்.

அன்புடன்,
கெப்போங்கிலிருந்து