8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை: பயாஸில் 2 ஜிபி ஒதுக்கலாமா?

முகில்77:
மேசைக் கணினி, லினக்ஸ். ரைசன் செயலிக்குள் இருக்கும் ரேடியான் வரைகலைதான். தனி கார்டு கிடையாது. டிடிஆர்4 ராம், 4 ஜிபி வீதம் இரண்டு. விளையாட்டில் இரண்டு தொல்லைகள். நொடிக்கு 30 ஃப்ரேமைத் தாண்டுவதே இல்லை. அரை மணி நேரம் ஆனதும் திரை இரண்டு மூன்று நொடி உறைந்து உறைந்து நகர்கிறது. பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்பில்) வரைகலைக்கு 512 எம்பி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதை 2 ஜிபி ஆக்கி, ஸ்வாப்பினஸை (ராமில் இருப்பதை வட்டிலுள்ள ஸ்வாப் பகுதிக்கு எவ்வளவு தாராளமாகத் தள்ளலாம் என்று லினக்ஸுக்குச் சொல்லும் எண்) 10 ஆகக் குறைத்தால் போதும் என்கிறார் ஒரு நண்பர். செய்யலாமா?

பயாஸ்பித்தன்:
தாராளமாகச் செய்யுங்கள். 512 எம்பியை வைத்துக்கொண்டு இன்றைய விளையாட்டு எப்படி ஓடும்? ஸ்வாப்பினஸ் இயல்பாக 60 இருக்கும்; அது சர்வர்களுக்கான எண். கூடவே மணிக்கு ஒருமுறை தானாகக் கேஷைக் காலி செய்யும் கிரான் வேலை ஒன்றையும் போட்டுவிடுங்கள். நான் பல ஆண்டுகளாக இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

தறி:
நண்பரே, மூன்றில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை.

கேஷிலிருந்தே தொடங்குகிறேன். அதில் கிடப்பது வட்டிலிருந்து ஏற்கெனவே படித்த கோப்புகள். தேவைப்பட்டால் லினக்ஸின் மையமான கர்னலே உடனே விட்டுக்கொடுக்கும். நீங்கள் வலிந்து காலி செய்தால் விளையாட்டு அதே கோப்புகளை மறுபடி வட்டிலிருந்து படிக்க வேண்டும். உறைவை விலைக்கு வாங்குகிறீர்கள்.

அடுத்தது அந்த 2 ஜிபி. இவ்வகைக் கணினியில் வரைகலைக்கென்று தனிச் சில்லு நினைவகம் கிடையாது. பயாஸ் ஒதுக்குவதும் இதே ராமிலிருந்துதான். அந்த 512 எம்பி தீர்ந்ததும் ரைசனைச் செய்யும் ஏஎம்டியின் இயக்கி (வரைகலையை லினக்ஸோடு இணைக்கும் மென்பொருள்) ஜிடிடி என்ற வழியில் பொது ராமிலிருந்து எடுத்துக்கொள்ளும். புதிய கர்னல்களில் பாதி ராம் வரை எடுக்கும், வேலை முடிந்ததும் திருப்பித் தந்துவிடும். பயாஸில் கொடுத்த 2 ஜிபி மட்டும் திரும்பாது. விளையாட்டே ஓடாதபோதும் உங்கள் கணினி 6 ஜிபி கணினிதான். சட்டியில் இருப்பதே 8; அகப்பையைப் பெரிதாக்கி என்ன பயன்?

பயாஸ்பித்தன்:
ஏட்டுச் சுரைக்காய். தொடங்கும்போதே வரைகலை நினைவகம் எவ்வளவு என்று கேட்டு, குறைவாக இருந்தால் ஓட மறுக்கும் விளையாட்டுகளை நானே பார்த்திருக்கிறேன். ஜிடிடி பற்றி அவற்றுக்குத் தெரியாது.

தறி:
அது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் லினக்ஸின் வரைகலை மென்பொருளான மேசாவில், வல்கனுக்கு (விளையாட்டுகள் வரைகலையோடு பேசும் முறைகளில் ஒன்று) உள்ள இயக்கியான ராட்வி இதற்காகவே ஒரு தந்திரம் செய்கிறது. ஒருங்கிணைந்த வரைகலையில் பயாஸ் ஒதுக்கியது, ஜிடிடி என்ற இரண்டு பகுதிகளையும் கூட்டி, மூன்றில் இரண்டு பங்கை வரைகலை நினைவகம் என்று விளையாட்டிடம் சொல்லிவிடும். வல்கன் வழியாக ஓடும் எதற்கும் உங்கள் அச்சம் பொருந்தாது.

முகில்77, உங்கள் 30 ஃப்ரேமுக்கு வேறு காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு ராமும் எந்த எந்தச் சாக்கெட்டில் இருக்கின்றன? என்ன வேகத்தில் ஓடுகின்றன?

முகில்77:
நான்கு சாக்கெட். செயலிக்கு அருகில் உள்ள முதல் இரண்டில் செருகியிருக்கிறேன். வன்பொருள் விவரம் சொல்லும் டிமிடிகோட் கட்டளை, வேகம் 2400 என்று காட்டுகிறது. வாங்கிய பெட்டியில் 3200 என்று இருந்ததே!

தறி:
அதுதான். பெரும்பாலான மதர்போர்டுகளில் அடுத்தடுத்த இரண்டு சாக்கெட்டுகள் ஒரே சேனல், அதாவது செயலிக்குப் போகும் ஒரே பாதை. உங்களுடைய இரண்டு ராமும் ஒரே குழாயில் வரிசையில் நிற்கின்றன. ஒற்றைச் சேனலில் 2400 என்றால் நொடிக்கு 19.2 ஜிபி கடத்த முடியும். இரட்டைச் சேனலில் 3200 என்றால் 51.2 ஜிபி. ஒருங்கிணைந்த வரைகலை ஏங்குவது அளவுக்கல்ல, இந்த வேகத்துக்கு. கையேட்டைப் பாருங்கள், இரண்டாவது, நான்காவது சாக்கெட் என்று சொல்லியிருக்கும். பிறகு பயாஸில், ராமைப் பெட்டியில் சொன்ன வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை இயக்குங்கள். காசு செலவில்லை.

அரைத்தூக்கம்:
இடையில் ஒரு சொல். லினக்ஸில் ஒரு நிரல் வைத்துக்கொள்ளக்கூடிய நினைவகத் துண்டுகளின் உச்சவரம்பை 65530இலிருந்து கூட்டினால் ஃப்ரேம் ஏறும் என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: ஏறாது. சில விளையாட்டுகள் அந்த வரம்பில் முட்டி நின்றுபோகும். அதற்குத்தான் அந்த மருந்து. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 39ஆம் பதிப்பு முதல் அதுவே 1048576 என்று வைத்துவிட்டது.

முகில்77:
கையேட்டில் அப்படியே இருந்தது. மாற்றிவிட்டேன். அதே காட்சியில், ஃப்ரேமை அளந்து காட்டும் மேங்கோஹட் இப்போது 44, 45 காட்டுகிறது. ஆனால் உறைவது அப்படியே இருக்கிறது.

பயாஸ்பித்தன்:
பார்த்தீர்களா? உறைவது ஸ்வாப்பால். ஸ்வாப்பினஸ் 10 வைத்துப் பாருங்கள்.

முகில்77:
வைத்தேன். குறையவில்லை, கொஞ்சம் கூடியதுபோல்கூடத் தோன்றுகிறது. ஸ்வாப் இருப்பது பழைய வன்தட்டில். விளையாட்டும் அதில்தான்.

தறி:
உறைவுக்குக் காரணம் நினைவகப் பற்றாக்குறை என்பதில் பயாஸ்பித்தன் சொன்னது சரி. அதை முதலிலேயே நான் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். மருந்தில்தான் கருத்து வேறுபாடு. ஸ்வாப்பினஸைக் குறைத்தால் கர்னல் ஸ்வாப்புக்குத் தள்ளுவதைக் குறைத்து, அதற்குப் பதிலாகக் கோப்புக் கேஷைப் பிடுங்கும். விளையாட்டின் நிரல் பகுதிகளும் அதில் அடக்கம். அவற்றை மறுபடி அதே வன்தட்டிலிருந்து படிக்க வேண்டும். ஒரு கதவை அடைத்து இன்னொன்றைத் திறந்துவிட்டீர்கள்.

இசட்ராம் போடுங்கள். ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப் அது. வன்தட்டு ஸ்வாப்பைவிட அதற்கு முன்னுரிமை அதிகம் இருக்க வேண்டும். அப்போது ஸ்வாப்பினஸ் 100க்கு மேலேயே போகலாம், 5.8 கர்னலிலிருந்து 200 வரை அனுமதி உண்டு. 150 வைத்துப் பாருங்கள்.

பயாஸ்பித்தன்:
சுருக்குவதும் விரிப்பதும் செயலியின் வேலை. செயலியும் வரைகலையும் ஒரே சில்லு, ஒரே மின் வரம்பு. அந்தப் பக்கம் உழைத்தால் இந்தப் பக்கம் ஃப்ரேம் இறங்காதா?

தறி:
இறங்கலாம். வன்தட்டுக்காக மூன்று நொடி காத்திருப்பதோடு ஒப்பிட்டால் எனக்கு அது பொருட்டல்ல. அளந்து பார்க்கட்டும்.

முகில்77:
அளந்தேன். ஒரு மணி நேரம் விளையாடியதில் ஒரே ஒருமுறை கண்ணில் படும்படி தடுக்கியது, அதுவும் பின்னணியில் உலாவி திறந்திருந்தபோது. சராசரி 43. ஓரிரு ஃப்ரேம் போயிருக்கிறது. பயாஸ்பித்தன் சொன்னதும் பொய்யில்லை. 512 எம்பியை அப்படியே விட்டுவிட்டேன்.

பயாஸ்பித்தன்:
வல்கன் அல்லாத ஓப்பன்ஜிஎல் முறையில் எழுதப்பட்ட, ஓட மறுக்கும் பழைய விளையாட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அப்போது அந்த 2 ஜிபியைத் தேடி வருவீர்கள்.