"எம்பிஆர் செத்த தொழில்நுட்பம், ஜிபிடிக்கு மாத்து" என்று தீர்ப்பு எழுதியவருக்கு

பழைய_இரும்பு

விண்டோஸ் பக்கத்துல லினக்ஸ் ஏத்தறப்போ கிரப் (எந்த சிஸ்டம்னு கேட்டு எழுப்பற பூட்லோடர்) நின்னுபோச்சு, என்ன பண்றதுன்னு நேத்து மாடிவீடு கேட்ட கேள்விக்கு வட்டுவாசி ரெண்டே வரியில தீர்ப்பு எழுதிட்டுப் போயிருக்கார்: "எம்பிஆர் செத்த தொழில்நுட்பம். டிஸ்கை ஜிபிடிக்கு மாற்றிவிட்டு மறுபடி நிறுவுங்கள்." (எம்பிஆர், ஜிபிடி ரெண்டும் டிஸ்க்கைப் பார்ட்டிஷனா, அதாவது தனித்தனிப் பகுதியா, பிரிச்சுக் குறிச்சு வைக்கற முறை; எம்பிஆர் பழசு, ஜிபிடி புதுசு. டிஸ்க்கோட முதல் செக்டருக்கும் எம்பிஆர்னுதான் பேர்.) அதுக்கு லைக் வேற குவியுது. பொறுக்கல, அதான் தனித் திரி.

பார்க்காதவங்களுக்கு விவரம். கோர் 2 டுவோ, 2 ஜிபி ராம், 160 ஜிபி சாட்டா டிஸ்க். வெறும் பயாஸ் (மெஷினை எழுப்பற பழைய நிரல்), அதோட புது வாரிசு யூஇஎஃப்ஐ கிடையாது. விண்டோஸ் 7ல ஒரு பழைய கணக்கு மென்பொருள் ஓடுது, அது போகக் கூடாது. பக்கத்துலயே லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ வேணும். இன்ஸ்டாலர்ல நாமே பார்ட்டிஷன் பிரிக்கற "சம்திங் எல்ஸ்" வழியாப் போய், காலி இடத்துல ரூட்டை (லினக்ஸ் உட்கார்ற முக்கியப் பார்ட்டிஷன்) பட்டர்எஃப்எஸ்ங்கற ஃபைல்சிஸ்டம் ஆக்கியிருக்கார். ஃபைல் எல்லாம் காப்பி ஆகி, கடைசியில கிரப் இன்ஸ்டால் ஆகல, ஃபேட்டல் எரர்னு பெட்டி.

அவர் போட்ட எஃப்டிஸ்க் (பார்ட்டிஷன் பட்டியல் காட்டற கட்டளை) வெளியீட்டுல முதல் வரியைப் படிங்க. எஸ்டிஏ1 (முதல் பார்ட்டிஷன்), பூட் நட்சத்திரம், ஸ்டார்ட் 63, அதாவது 63ஆம் செக்டர்ல ஆரம்பம்; ஒரு செக்டர்னா 512 பைட் துண்டு. நோய் அங்கதான் இருக்கு. எம்பிஆர்ல பூட் கோடுக்குக் கிடைக்கிறது 446 பைட். அதுல கிரப்போட தலை மட்டும்தான் அடங்கும். மீதி உடம்பு, அதாவது கோர் இமேஜ், எம்பிஆருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவுல இருக்கற சந்துலதான் படுக்கணும். 63ல பார்ட்டிஷன் ஆரம்பிச்சா சந்து 62 செக்டர், 31,744 பைட். லினக்ஸோட வழக்கமான ஃபைல்சிஸ்டம் எக்ஸ்டி4 மட்டும்னா நெருக்கியடிச்சுப் படுத்துடும். பட்டர்எஃப்எஸ்னா இசட்ஸ்டாண்டர்டு, எல்இசட்ஓனு சுருக்க நிரல்களையும் சேர்த்துத் தூக்கிட்டு வரும். அடங்காது.

மருந்து: அதே காலி இடத்துல 512 எம்பிக்கு ஒரு எக்ஸ்டி4 பார்ட்டிஷன், மவுண்ட் பாயின்ட் ஸ்லாஷ் பூட் (பூட் ஃபைல்கள் இருக்கற ஃபோல்டர்). லாஜிக்கலா இருந்தாலும் கிரப் படிக்கும். ரூட் பட்டர்எஃப்எஸ்ஸாவே இருக்கட்டும். கோர் இமேஜுக்கு இனிமே எக்ஸ்டி படிக்கத் தெரிஞ்சாப் போதும், சின்னதாயிடும்.

ஜிபிடிக்கு மாத்தினா? பயாஸ் மெஷின்ல விண்டோஸ் 7 ஜிபிடி டிஸ்க்ல இருந்து பூட் ஆகவே ஆகாது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்றார் மனுஷன்.

வட்டுவாசி

தனித் திரி போட்டுக் கௌரவித்தமைக்கு நன்றி. பாடம் எடுக்கும் முன் எண்ணக் கற்றுக்கொண்டு வரலாமே. டிஸ்கின் ஒரு சுற்றான டிராக்குக்கு 63 செக்டர். முதல் டிராக் முழுவதும் பூட்லோடருக்கு ஒதுக்கப்பட்டது. 63 பெருக்கல் 512, 32,256 பைட். எங்கிருந்து வந்தது 62?

இன்னொன்று. விண்டோஸ் 7 தன் பார்ட்டிஷனை 2048ஆம் செக்டரில்தான் தொடங்கும். 63 என்பது எக்ஸ்பி காலத்துக் கணக்கு. அந்த வெளியீட்டையே சந்தேகப்பட வேண்டாமா?

ஜிபிடியில் 1 எம்பிக்கு ஒரு பயாஸ் பூட் பார்ட்டிஷன் போட்டு, பயாஸ்_கிரப் கொடியை ஏற்றினால் இந்தச் சந்து பொந்துப் பிரச்சினையே வராது. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2020 ஜனவரி 14. அதை இன்னும் கட்டிக்கொண்டு அழுபவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

பழைய_இரும்பு

எண்ணலாம், வாங்க. எல்பிஏ (செக்டரோட வரிசை எண்) 0, அது எம்பிஆர். எல்பிஏ 63, அது பார்ட்டிஷனோட முதல் செக்டர். நடுவுல 1ல இருந்து 62 வரைக்கும். விரல் விட்டு எண்ணினாலும் 62தான் வரும். உங்க 63ல எம்பிஆரையும் சேர்த்துட்டீங்க. கிரப்பை எம்பிஆர் மேலயே படுக்க வச்சா பார்ட்டிஷன் டேபிள் எங்க போகும்? அதோட 64 பைட்டும் அங்கதான் இருக்கு.

2048 கதைக்கு வர்றேன். விஸ்டாவுல இருந்து புதுசா உருவாக்கற பார்ட்டிஷன்தான் 2048ல ஆரம்பிக்கும். எக்ஸ்பி உருவாக்கின பழைய பார்ட்டிஷன் மேலயே விண்டோஸ் 7 போட்டா ஆரம்பம் 63லயே நிக்கும். ஃபார்மேட் பண்ணாலும் நகராது. ஃபார்மேட் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி, அஸ்திவாரத்தைத் தொடாது. அந்த வெளியீட்டுல விண்டோஸ் 7 வழக்கமா முன்னாடி ஒதுக்கற 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்டு இருக்கா? இல்ல. அதைக்கூடப் பார்க்காம வெளியீட்டைச் சந்தேகப்படறார்.

சாம்பார்_சர்வர்

யூஎஸ்பி சரியா எழுதலையோ? ரூஃபஸ்ல டிடி மோடு போட்டு மறுபடி எழுதிப் பாருங்களேன்.

பழைய_இரும்பு

யூஎஸ்பி கெட்டிருந்தா காப்பி நடுவுலயே ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர் கொட்டியிருக்கும் தம்பி. இங்க எல்லாம் ஏறி முடிச்சு கிரப்லதான் நின்னிருக்கு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க.

கட்டளைவரி

ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்லிடறேன். பட்டர்எஃப்எஸ் கோர் இமேஜ் 62லயும் அடங்காது, 63லயும் அடங்காது. இந்தக் கேஸ்ல அந்த ஒரு செக்டரால எதுவும் மாறப் போறதில்ல.

இரும்பு அண்ணனுக்கு: ஸ்லாஷ் பூட்டுக்கு 512 எம்பி பத்தாது. கெர்னல், எழும்பறப்போ அதுக்குத் துணையா வர்ற இனிட்ராம்எஃப்எஸ் சேர்த்து மூணு நாலு பதிப்பு தங்கினா நிரம்பிடும், அப்புறம் அப்டேட் பாதியில நிக்கும். 1 ஜிபி கொடுங்க. அப்புறம், முழுசா மறுபடி இன்ஸ்டால் எதுக்கு? லைவ் யூஎஸ்பில பூட் பண்ணி, க்ரூட் போட்டு (டிஸ்க்ல ஏறின சிஸ்டத்துக்குள்ள நுழைஞ்சு) முடிச்சிடலாம்.

வட்டுவாசி

கட்டளைவரி நாசூக்காகச் சொல்வதைப் புரிந்துகொள்ளுங்கள்: 62 என்று அடம்பிடித்ததால் எந்தப் பயனும் இல்லை. டிராக்குக்கு 63 செக்டர் என்பது பாடப்புத்தகம். இவர் போன மாதம் ஸ்வாப் திரியில் 2 ஜிபி ராமுக்கு 4 ஜிபி ஸ்வாப் (ராம் பத்தாதபோது டிஸ்கில் எடுக்கும் இடம்) கட்டாயம் என்று நாலு பக்கம் அடித்தவர்தான்.

ஜிபிடி அவ்வளவு கசந்தால் பார்ட்டிஷன் கருவியான ஜிபார்ட்டெட் லைவில் எஸ்டிஏ1ஐ 2048க்கு நகர்த்திவிடுங்கள். ஒரு எம்பி நகர்த்தல். அதற்கு ஸ்லாஷ் பூட் எதற்கு?

பழைய_இரும்பு

ஸ்வாப் திரியில நான் சொன்னது ஹைபர்னேட் வேணும்னா. அந்த வார்த்தையை வெட்டிட்டு மேற்கோள் காட்டறது உங்க பரம்பரை வழக்கம்.

"ஒரு எம்பி நகர்த்தல்." கேட்க எவ்வளவு சுகமா இருக்கு! ஆரம்பத்தை நகர்த்தினா பார்ட்டிஷன்ல இருக்கற டேட்டா அத்தனையும் படிச்சு, ஒரு எம்பி தள்ளி மறுபடி எழுதணும். பழைய டிஸ்க்ல மணிக்கணக்கு. நடுவுல கரண்ட் போனா? யூபிஎஸ் இருக்கான்னாவது கேட்டீங்களா? டிஸ்க் நலம் காட்டற ஸ்மார்ட்சிடிஎல்ல ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாத்தினது) எண்ணிக்கை பார்க்காம அந்த வேலையில இறங்கக் கூடாது.

நகர்த்தி முடிச்சாலும் விண்டோஸ் எழும்பறது சந்தேகம். எம்பிஆர் டிஸ்க்ல பிசிடி, அதாவது விண்டோஸோட பூட் பட்டியல், பார்ட்டிஷனை அடையாளம் வச்சிருக்கிறது டிஸ்க் சிக்னேச்சரையும் ஆரம்ப இடத்தையும் வச்சு. ஆரம்பம் மாறினா ஆள் தெரியாம முழிக்கும். அப்புறம் விண்டோஸ் 7 டிவிடி தேடி ஸ்டார்ட்அப் ரிப்பேர். பூட்ரெக்ல ஃபிக்ஸ்எம்பிஆர் கொடுத்தா எம்பிஆர்ல இருந்த கிரப் போச்சு, திரும்பவும் லைவ் யூஎஸ்பி. இவ்வளவும் எதுக்கு? ஒரு சின்ன எக்ஸ்டி4 போட மனசில்லாம.

கட்டளைவரி தம்பி, க்ரூட் சரிதான். ஆனா மின்ட் பட்டர்எஃப்எஸ்ல ரூட்டை அட்-குறினு ஒரு சப்வால்யூமுக்குள்ள (பார்ட்டிஷனுக்குள்ள ஒரு உள் அறை) வைக்கும். சப்வால் ஆப்ஷன்ல அந்த அட்-குறியைக் கொடுத்து மவுண்ட் பண்ணாம க்ரூட் போனா, பாஷ் இல்லைனு திட்டும். பழைய பூட் ஃபைல்களைப் புதுப் பார்ட்டிஷனுக்குக் காப்பி பண்ணணும், எஃப்எஸ்டேப்ல (மவுண்ட் பட்டியல்) அதோட யூயூஐடி (அடையாள எண்) சேர்க்கணும், டெவ், பிராக், சிஸ் மூணையும் பைண்ட் பண்ணணும், அதுக்கப்புறம்தான் கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப். பாதியில நின்ன இன்ஸ்டாலர் லைவ் சமாச்சாரங்களைக் கழிச்சிருக்குமானும் தெரியாது. புதுசா ஏத்தினா வேலை சுத்தம்.

சொல்வேட்டை

பொருளுக்குள் நுழைய விரும்பவில்லை. "பார்ட்டிஷன்", "செக்டர்" என்று எத்தனை நாளைக்கு? பகிர்வு என்று எழுதலாமே.

கட்டளைவரி

பகிர்வுன்னா ஷேர் ஐயா. "முதல் பகிர்வு 63ல் தொடங்குகிறது"னு எழுதினா வாட்ஸப் ஃபார்வர்டுனு நினைப்பாங்க.

சொல்வேட்டை

அப்படியானால் பிரிவு.

சாம்பார்_சர்வர்

2 ஜிபி ராமுக்கு மின்டே தப்பு. டெபியன்ல எல்எக்ஸ்க்யூடி போட்டிருந்தா இந்தச் சண்டையே இல்ல.

பழைய_இரும்பு

மின்ட் கேக்கற குறைந்தபட்சமே 2 ஜிபிதான், 4 இருந்தா நல்லது. அது தனி வழக்கு. டெபியன் போட்டாலும் ஓடப்போறது அதே கிரப், படுக்கப்போறது அதே சந்து. பட்டர்எஃப்எஸ் போட்டா அங்கயும் இதே சாவு.

மாடிவீடு

அண்ணே, டெர்மினல்ல கிரப்-இன்ஸ்டாலை மறுபடி ஓட்டினேன். கோர் இமேஜ் அன்யூஷுவலி லார்ஜ், எம்பெடிங் ஏரியாவுல (அந்தச் சந்துல) அடங்காதுன்னு வந்துச்சு. மாற்று வழியான பிளாக்லிஸ்டை பட்டர்எஃப்எஸ் ஆதரிக்காதுன்னு முடிச்சிடுச்சு. அதுக்கு மேல இன்னொரு வரி: செக்டர் 32ஐ ஏற்கனவே ஃப்ளெக்ஸ்நெட்னு ஒரு புரோகிராம் பயன்படுத்துது, அதைத் தவிர்க்கறேன்னு. ஒரு ஜிபிக்கு ஸ்லாஷ் பூட் போட்டா சரியாயிடுமா?

கட்டளைவரி

அட! அது லைசென்ஸ் காவல்காரன். விலை கொடுத்து வாங்கற சில மென்பொருளோட சேர்ந்து வந்து அந்தச் சந்துலயே ஒரு செக்டர் பிடிச்சுக்கும். இப்படிப்பட்ட ஆக்கிரமிப்பாளர்களோட அடையாளப் பட்டியலே கிரப்போட மூலநிரல்ல இருக்கு, பார்த்தா தாண்டிப் போயிடும். அதை அழிச்சா அந்த மென்பொருள் லைசென்ஸ் இல்லைனு அடம்பிடிக்கலாம், கை வைக்காதீங்க. ஆக, கிரப்புக்குக் கிடைக்கிறது 61 செக்டர், 31,232 பைட். எக்ஸ்டி4 ஸ்லாஷ் பூட் போட்டாலும் இருக்கற இடம் கொஞ்சம்தான். போட்டதும் கோர் இமேஜ் எத்தனை பைட்னு எல்எஸ் அடிச்சுப் பாருங்க.

வட்டுவாசி

ஆக 62உம் தவறு. இவ்வளவு நேரம் 62, 62 என்று கிளிப்பிள்ளைபோல் கூவியவர் எங்கே?

பழைய_இரும்பு

இங்கதான் இருக்கேன். சந்து 62. குடியிருக்கக் கிடைக்கிறது 61. ஒரு அறையை வாடகைக்கு விட்டா வீட்டுல அறை எண்ணிக்கை குறைஞ்சிடுமா? நான் சொன்னது சந்தோட அளவு. நீங்க சொன்ன 63 அறையாவும் இல்ல, வாடகையாவும் இல்ல.

வட்டுவாசி

டிராக்குக்கு 63 செக்டர். ஆமா, இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள்.

பழைய_இரும்பு

டிராக்குக்கு 63தான். அதுல முதல் செக்டர் எம்பிஆர், அதைக் கழிச்சா...

வட்டுவாசி

"டிராக்குக்கு 63தான்." ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன். ஸ்வாப் திரியிலும் ஒட்டுகிறேன்.