பன்னிரண்டு வருஷம் முன்னாடியே வீடு வந்த பத்திரம்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை

2037 ஜனவரி வரை ஓட வேண்டிய எங்கள் வீட்டுக்கடன் 2025 பிப்ரவரியில் முடிந்தது. எப்படி முடித்தீர்கள் என்று பள்ளியில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். மாமனார் காலத்து ஓட்டு வீட்டில் இருந்தோம். 2015 மழையில் கொல்லைப்பக்கச் சுவர் சாய்ந்தது. அதற்கு மேல் தள்ளிப்போட வழியில்லை. 2017-ல் 12 லட்சம் கடன் வாங்கிக் கட்டினோம். 9 சதவீத வட்டி, 20 வருஷம், மாதம் 10,797 ரூபாய் தவணை. என் சம்பளத்தில் அது தாங்கும்.

மாமியாருக்கு மட்டும் மனசே இல்லை. அவர் பிறந்த வீட்டில் அக்கா கல்யாணத்துக்காக நிலப் பத்திரத்தை ஒருவரிடம் வைத்திருக்கிறார்கள். அது திரும்பி வரவே இல்லை. "பத்திரம் வாசப்படி தாண்டினா அப்புறம் நம்மளோடது இல்லம்மா" என்றார். வங்கிக்குப் புறப்பட்ட அன்று மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தன் கையால் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த முகம்தான் எனக்குக் கடைசி வரை ஞாபகம் இருந்தது.

முதல் மாதக் கணக்கைப் பார்த்தபோதே சுருக்கென்றது. 10,797-ல் வட்டி 9,000, அசல் வெறும் 1,797. இரண்டு வருஷத்தில் 2 லட்சத்து 59 ஆயிரம் கட்டியிருந்தோம், அசலில் குறைந்தது 47 ஆயிரம். நான் கணக்கு டீச்சர். கூட்டு வட்டியைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். என் சொந்தப் பாஸ்புக்கில் அதைப் பார்த்தது வேறு மாதிரி இருந்தது. இப்படியே விட்டால் 12 லட்சத்துக்கு 25 லட்சத்து 91 ஆயிரம் கட்டி முடிப்போம்.

அன்று ராத்திரி நானும் அவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். தவணை என் சம்பளத்தோடு போகட்டும். நெல் பணம் வீட்டுச் செலவுக்கு வரக்கூடாது, நேராக அசலுக்குப் போகட்டும். டெல்டாவில் பணம் மாதாமாதம் வருவதில்லை. அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, அது கணக்கில் ஏறும்போது மொத்தமாக வருகிறது. வந்த வேகத்தில் ஒரு விசேஷம், ஒரு பம்புசெட்டு ரிப்பேர், ஒரு மொய் என்று போயும்விடுகிறது.

2019 தை மாதம் சம்பா அறுத்தோம். செலவு போக 50 ஆயிரம் சொச்சம் நின்றது. என்னுடைய அகவிலைப்படி நிலுவையும் ஒரு சீட்டுப் பணமும் சேர்த்து ஒரு லட்சமாக்கினோம்.

கிளைக்குப் போனால், கவுண்டரில் இருந்த தம்பி "முன்னாடியே கட்டினா 2 பர்சன்ட் சார்ஜ் வரும் மேடம்" என்றார். எங்களுடையது மாறும் வட்டிக் கடன். தனிநபர் வாங்கிய அப்படிப்பட்ட வீட்டுக்கடனுக்கு முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. அதைச் சொன்னேன். உள்ளே போய் மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்து, "சரி மேடம், இல்லை" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், புதுசாக வந்தவர். ஆனால் நான் கேட்காமல் இருந்திருந்தால் 2,000 ரூபாய் போயிருக்கும்.

பணத்தைக் கட்டி, ரசீதை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வந்துவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான். அடுத்த மாதம் ஸ்டேட்மென்ட் எடுத்தால் அசல் ஒரு லட்சம் இறங்கவில்லை. வரப்போகும் தவணைகளுக்கான முன்பணம் என்று வரவு வைத்திருக்கிறார்கள்! பணம் அவர்களிடம் இருக்கிறது, வட்டி மட்டும் முழு அசலுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. மறுபடியும் போய், இந்தத் தடவை கையால் கடிதம் எழுதிக் கொடுத்தேன்: "இந்தத் தொகையை அசலில் கழிக்கவும். தவணைத் தொகையை மாற்ற வேண்டாம். தவணைக் காலத்தைக் குறைக்கவும்." நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினேன்.

அந்தக் கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம். தவணையைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா என்று சில இடங்களில் கேட்பதே இல்லை. தவணையைக் குறைத்திருந்தால் மாதம் 936 ரூபாய் மிச்சமாகியிருக்கும், அவ்வளவுதான். காலத்தைக் குறைத்ததில் பாக்கி 216 மாதம் 176 ஆனது. ஒரே ஒரு லட்சத்துக்கு 40 தவணை! என் வீட்டுக்காரர் நம்பவில்லை. திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் போட்டுக் காட்டினேன். கடனின் முதல் வருஷங்களில் கட்டும் பணத்துக்குத்தான் இந்தப் பலம். பன்னிரண்டு வருஷம் கழித்து அதே ஒரு லட்சத்தைக் கட்டினால் இதில் பாதிகூடக் குறையாது.

அதற்கப்புறம் ஒவ்வொரு மாசியும் ஒரு லட்சம். ஒரு வருஷம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று எடுக்கவில்லை. ரோட்டில் தார்ப்பாய் விரித்து ஐந்து நாள் காயவைத்துப் போட்டோம். அந்த வருஷம் நெல்லில் ஒன்றும் நிற்கவில்லை, சீட்டைத் தள்ளி எடுத்துக் கட்டினோம். எங்களுக்கு மிகவும் கஷ்டமான மாசி அது.

பள்ளியில் ஒரு சார், "வட்டிக்கு வரிச்சலுகை இருக்கே, ஏன் டீச்சர் அவசரப்படுறீங்க?" என்று கேட்டார். அப்போது நான் 20 சதவீத வரி வரம்பில் இருந்தேன். ஒரு லட்சம் வட்டி கட்டினால் 20 ஆயிரம் சொச்சம் வரி மிச்சமாகும். மீதி 80 ஆயிரம் போனது போனதுதானே? புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தச் சலுகையும் இல்லை.

2025 பிப்ரவரியில் பாக்கி ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. மொத்தமாகக் கட்டிவிட்டோம். நடுவில் வட்டி ஏறி இறங்கியதையெல்லாம் சேர்த்தும், வட்டியாகப் போனது கிட்டத்தட்ட ஐந்தரை லட்சம். ஓடவிட்டிருந்தால் ஏறக்குறைய 14 லட்சம் போயிருக்கும்.

கும்பகோணத்திலிருந்து ஒருவர்

டீச்சர், வட்டி ஏறி இறங்கியது என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். நான் அடிபட்டது அங்கேதான்.

2021-ல் 30 லட்சம் வாங்கினேன். 6.9 சதவீதம், 20 வருஷம், தவணை 23,079. அப்போது ரெப்போ வட்டி, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி, 4 சதவீதம். 2022 மே மாதத்திலிருந்து ஏற ஆரம்பித்து 2023 பிப்ரவரியில் 6.5-க்குப் போய்விட்டது. என் தவணை மட்டும் அதே 23,079. பரவாயில்லையே, நமக்கு ஏறவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். 22 தவணை கட்டிய பிறகு ஒரு வேலையாகக் கிளைக்குப் போனபோது கணக்கை அச்செடுக்கச் சொன்னேன். மீதித் தவணை என்ற இடத்தில் 357 என்று இருந்தது. நான் எதிர்பார்த்தது 218. தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். எனக்கு அப்போது வயது 44. எழுபத்துமூன்று, எழுபத்துநான்கு வயது வரை கடன் கட்ட வேண்டும் என்று அந்தக் காகிதம் சொன்னது. கையெல்லாம் வேர்த்துவிட்டது.

கணக்கு இதுதான்: என் வட்டி 9 சதவீதமாகியிருந்தது. அதில் என் அசலுக்கு மாத வட்டியே 21,478. தவணையில் அசலுக்குப் போனது 1,600 ரூபாய்தான். தவணையை 26,700 சொச்சமாக ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மாதம் 3,640 கூடுதல். காலம் பழையபடி 218-க்கு வந்தது. பாத்திரக் கடையில் தீபாவளி சீசனில் வரும் லாபத்தையும் இப்போது அசலில் கட்டுகிறேன்.

வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. இருந்தாலும் தயவுசெய்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது மீதித் தவணை எத்தனை என்று பாருங்கள். தவணைத் தொகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

பேராவூரணியிலிருந்து ஒருவர்

இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் முன்கூட்டி அடைக்கும் ஆர்வத்தில் நான் கையைச் சுட்டுக்கொண்டதையும் படியுங்கள்.

எங்களுக்குத் தென்னந்தோப்பு. 2018 அக்டோபரில் என் கணக்கில் மூன்றரை லட்சம் இருந்தது. காய் விலை நன்றாக இருந்தது, தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பியதும் சேர்ந்திருந்தது. அதில் மூன்று லட்சத்தை வீட்டுக்கடனில் கட்டினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது.

விடிந்து பார்த்தால் தோப்புக்குள் போக வழியில்லை. மரத்து மேல் மரம். வேரோடு சாய்ந்தது பாதி, நடுவில் முறிந்தது பாதி. 140 மரத்தில் 22 நின்றது. புதுசாகக் கட்டிய வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் ஆறுதல். ஆனால் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, கையில் காசும் இல்லை. சாய்ந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தவே கூலி கேட்டார்கள். வங்கியில் கட்டிய மூன்று லட்சத்தில் பத்தாயிரம் திருப்பித் தாருங்கள் என்று கேட்க முடியுமா? இரண்டு வட்டிக்கு வெளியே வாங்கினேன். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம். 9 சதவீதக் கடனை அடைக்க அவசரப்பட்டு 24 சதவீதத்தில் போய் மாட்டினேன். நட்ட கன்று காய்க்க வருஷக்கணக்கில் ஆகும், வட்டி அதுவரை நிற்குமா?

இப்போது ஆறு மாதத் தவணையும் ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவும் தொடாமல் தனிக் கணக்கில் இருக்கிறது. அதற்கு மேல் இருப்பதைத்தான் கடனில் கட்டுகிறேன். கடற்கரை ஓரத்தில் இருக்கிறவர்கள் இதை அவசியம் யோசியுங்கள். வீட்டுக்கடனைவிட வட்டி கூடுதலான நகைக்கடன், கைமாற்று எது இருந்தாலும் முதலில் அதை முடியுங்கள்.

மறுபடியும் நீடாமங்கலத்திலிருந்து

பேராவூரணி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கஜாவில் எங்கள் பக்கம் பயிர் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம். எனக்கு மாதச் சம்பளம் இருந்ததால்தான் துணிய முடிந்தது. விவசாயம் மட்டுமே வருமானம் என்றால் அண்ணன் சொல்வதுதான் சரி.

கடைசித் தவணைக்குப் பிறகு என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பணம் கட்டியதோடு வேலை முடியவில்லை. மூலப் பத்திரங்களை வங்கி 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், அவர்களால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் திருப்பித் தர வேண்டிய பத்திரங்களுக்கெல்லாம் இந்த விதி பொருந்தும். எங்களுக்கு 20-ம் நாள் வரை "மண்டல அலுவலகத்திலிருந்து வரணும்" என்றே சொன்னார்கள். அப்போது கைகொடுத்தது 2017-ல் கடன் வாங்கும்போது அவர்கள் கொடுத்த பத்திரப் பட்டியல், எந்தப் பத்திரம், எத்தனை பக்கம், அசலா நகலா என்று எழுதியது. அதன் நகலையும் அந்த விதியையும் இணைத்துக் கடிதம் கொடுத்தேன். 26-ம் நாள் போன் வந்தது.

கிளையிலேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாக எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அவசரப்படுத்தினார்கள், எழுந்திருக்கவில்லை. கடன் பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் சேர்த்து வாங்கினேன். அப்புறம் வங்கி அலுவலர் ஒருவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கடன் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிவு செய்துகொடுத்தார். இதைச் செய்யாவிட்டால் வில்லங்கச் சான்றில் அடமானம் மட்டும் தெரியும், தீர்ந்தது தெரியாது. நாளைக்குப் பிள்ளைகள் விற்கவோ வேறு கடன் வாங்கவோ போனால் அங்கே முட்டும். ஒரு வாரம் கழித்து வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், 2017 அடமானத்துக்குக் கீழே ரசீதும் ஏறியிருந்தது.

பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையோடு மாமியாரிடம் கொடுத்தேன். உறையைப் பிரித்து, கடைசிப் பக்கத்தில் மாமனாரின் கையெழுத்து இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அதே மஞ்சள் துணியை எட்டு வருஷமாகத் துவைத்து மடித்து வைத்திருந்திருக்கிறார். அதில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, "கைய கழுவிட்டு வாம்மா, சாப்பாடு போடறேன்" என்றார்.